அக்காவின் அறைக்குப் பாவிய கல்

பேத்தி கனடாவில் வீடு கட்டுகிறாள். போன மாதம் தொலைபேசியில் பேசும்போது என்னிடம் ஒரு யோசனை கேட்டாள். தரைக்கு அடியில் குழாய் பதித்து, அதில் வெந்நீர் ஓட விடப் போகிறார்களாம். பனிக்காலத்தில் தரையே வீட்டைச் சூடாக்கிவிடுமாம்.

"மேல என்ன போடறதுன்னுதான் தாத்தா ஒரே குழப்பம். அவரு மரப்பலகைங்கிறாரு. மாமியாரு கம்பளம்ங்கிறாங்க. எனக்குக் கல்லுதான் புடிச்சிருக்கு. நீங்கதான் இன்ஜினீயராச்சே, சொல்லுங்க."

கல் சூட்டை நன்றாகக் கடத்தும் என்றேன். மரம் போட்டால் மெல்லியதாகப் போட வேண்டும், கனமான கம்பளம் விரித்தால் சூடு அதற்கு அடியிலேயே நின்றுவிடும் என்றேன். யோசிக்காமல் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவள் சிரித்தாள்.

"நம்ம ஊரு வெயிலுக்கு இதெல்லாம் ஏது தாத்தா? உங்களுக்கு எப்படித் தெரியும்?"

படித்திருக்கிறேன் என்று சொன்னேன். அது உண்மைதான். ஆனால் படித்ததோடு நிற்கவில்லை. இரண்டாவது உலக யுத்தம் முடிந்த சமயத்தில், பெரம்பலூரில், நான் ஒரு தரையைச் சூடாக்கினேன். என் அக்காவுக்காகச் செய்தேன். அதைப் பேத்தியிடம் சொல்ல வாய் வரவில்லை. என் மனைவி இருந்தவரை அவளிடமும் முழுதாகச் சொன்னதில்லை. இப்போது எழுதி வைக்கிறேன்.

அக்கா என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். அம்மா நான் சிறுவனாக இருந்தபோதே போய்விட்டாள். அக்காதான் என்னைக் குளிப்பாட்டி, சோறூட்டி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். உடையார்பாளையம் பக்கம் அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். குழந்தை இல்லை. அத்தான் ஒரு விஷக்காய்ச்சலில் இறந்தார். நான் சென்னையில் படிப்பை முடித்து, பெரம்பலூரில் ரோடு வேலைக்கு ஓவர்சியராகச் சேர்ந்ததும், அக்கா ஒரு தகரப்பெட்டியோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அவள் தரையில்தான் படுப்பாள். ஒரு கோரைப்பாய், தலைக்கு மடித்த பழம்புடவை. கணவனை இழந்தவளுக்குக் கட்டில், மெத்தை, தலையணை கிடையாது என்பது எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் யாரும் வாய்விட்டுச் சொல்லும் சங்கதி அல்ல. பூ வைக்கமாட்டாள், கல்யாண வீட்டில் முன்னால் வந்து நிற்கமாட்டாள் என்பதைப் போல அதுவும் ஒன்று. நானும் என் மனைவியும் கட்டிலில் படுத்தோம். அடுத்த அறையில் அக்கா மண் தரையில் படுத்தாள். படித்தவனான எனக்கு அது உறுத்தவில்லை. அது ஒரு ஏற்பாடாகவே கண்ணில் படவில்லை என்று சொன்னால்தான் சரியாக இருக்கும்.

அவளுக்கு மூட்டு வாதம் வந்தது. முதலில் விரல்கள் வீங்கின. பிறகு முழங்கால். மார்கழியில் காலையில் எழுந்து நிற்கவே வெகுநேரம் ஆகும். பாயிலிருந்து தவழ்ந்து சுவர் ஓரம் போவாள். சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்வாள். நாங்கள் பார்த்துவிட்டால், "ஒண்ணுமில்ல, கால் மரத்துப்போச்சு" என்பாள்.

ஊரில் ஒரு டாக்டர் இருந்தார். வெளியூர்க்காரர். வண்டி கட்டி அக்காவை அழைத்துப் போனேன். அவர் முழங்காலை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார்.

"எங்கம்மா படுக்கறீங்க?"

"கீழதான்."

"பாய்லயா?"

"பாய்லதான்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "ஓவர்சியர் சார், மாத்திரை தரேன், தைலம் தரேன். ஆனா முதல் மருந்து கட்டிலு. நல்ல இலவம்பஞ்சு மெத்தையா பாத்துப் போடுங்க. தரை ஈரமும் குளிரும் இவங்களுக்கு ஆகாது. குந்தி உக்காரவும் விடாதீங்க. இன்னும் ரெண்டு மூணு மார்கழி இப்படியே போச்சுன்னா, முட்டி மடங்கினது மடங்கினபடியே நின்னுடும். அப்புறம் யாராலயும் நீட்ட முடியாது."

வண்டியில் திரும்பும்போது அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கட்டிலாம், மெத்தையாம்! எனக்கு! பாவம், நம்ம பக்கத்து வழக்கம் தெரியாத மனுஷன்." கொஞ்ச தூரம் போன பிறகு, வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இருந்தாலும் இலவம்பஞ்சு மெத்தை சொகமாத்தான் இருக்கும், இல்லடா தம்பி?"

நான் வண்டிக்காரனிடம் மாட்டைத் தட்டி ஓட்டச் சொன்னேன்.

அப்பா இல்லாத குடும்பத்தில் பெரியப்பாவின் பேச்சுதான் பேச்சு. அவர் அரியலூருக்குப் பக்கத்தில் இருந்தார். நிலபுலம் உள்ளவர், கண்டிப்பானவர். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அக்காவுக்குக் கட்டில் வாங்கலாம் என்று கிளம்பினேன். பெட்ரோல் கிடைக்காத காலம். பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடும் பஸ். மேட்டில் மூச்சு வாங்கி நின்றுவிடும், எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும். அப்படித் தள்ளிக்கொண்டுதான் போய்ச் சேர்ந்தேன்.

பெரியப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் இலை போடச் சொன்னார். அவருடைய கடைசிப் பெண்ணுக்கு ஜெயங்கொண்டத்தில் ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு அதைப் பற்றித்தான்.

"போன வருஷம் இதே மாதிரி ஒரு சம்பந்தம் தட்டிப் போச்சு, தெரியுமா? நம்ம பக்கத்தூருக்காரன் வூட்ல. பையன் வூட்டுக்காரங்க பொண்ணு பாக்க வந்திருக்காங்க. உள்ள அந்த வூட்டு அத்தைக்காரி, தாலியறுத்தவ, கலர் புடவை கட்டிக்கிட்டு நின்னாளாம். வந்தவன் வெத்தல பாக்கைத் தொடாம எழுந்திரிச்சுட்டான்!" என்று சொல்லிப் பெரியப்பா பெரிதாகச் சிரித்தார். "நீ என்னடா, மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்திருக்க? என்ன சேதி?"

"சும்மாதான் பெரியப்பா. பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"அக்கா எப்படி இருக்கா?"

"கால் வலிதான். மருந்து சாப்பிடறா."

கட்டிலைப் பற்றி நான் கேட்டது அவ்வளவுதான். மோர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

பஸ் பிடிக்க ஸ்டேஷன் பக்கம் நடந்து வந்தேன். அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் பூமி. வழியில் சுண்ணாம்பு சுடும் காளவாய் ஒன்று எரிந்துகொண்டிருந்தது. தை மாதத்துச் சாயங்காலம், காற்று சிலுசிலுவென்று அடித்தது. காளவாயை ஒட்டிய மண்மேட்டில் வேலை முடித்த ஆட்கள் நாலைந்து பேர் நீட்டிப் படுத்திருந்தார்கள். ஓர் அம்மாள் மட்டும் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் மண்மேல் நீட்டி வைத்துக்கொண்டு வெற்றிலை மென்றாள். நான் நின்று பார்ப்பதைக் கண்டு சத்தம் போட்டாள்.

"என்ன சாமி அப்படிப் பாக்கறீங்க? நீங்களும் வந்து கட்டையப் போடுங்க. குளிரு ஊரை வுட்டே ஓடிப்போயிடும்!"

படுத்திருந்தவர்கள் சிரித்தார்கள். நான் குனிந்து மண்ணில் உள்ளங்கையை வைத்தேன். இதமான சூடு. கல்லூரியில் படித்த ஒரு பாடம் நினைவுக்கு வந்தது. பழைய காலத்தில் அந்நிய நாட்டுக் குளியல் கூடங்களில், தரையைக் குட்டைத் தூண்கள்மேல் நிறுத்தி, அடியில் நெருப்பின் புகையை ஓட விட்டுத் தரையைச் சூடாக்குவார்களாம். பரீட்சைக்காக அதன் படத்தை நான் வரைந்தும் இருக்கிறேன்.

பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அக்கா தரையிலேயே படுக்கட்டும், தரையை நான் சூடாக்கிவிடுகிறேன். ஊருக்கும் குறை இல்லை, அக்காவுக்கும் குளிர் இல்லை. அக்காவுக்கு வழி கிடைத்துவிட்ட சந்தோஷம் என்று அன்று நினைத்தேன். பெரியப்பாவிடம் இனிமேல் கேட்க வேண்டியதில்லை என்ற சந்தோஷம்தான் அது.

அக்காவின் அறை வீட்டின் கடைசியில், கொல்லையை ஒட்டி இருந்தது. மண் தரையை இடுப்பளவு தோண்டினோம். செங்கல்லால் குட்டைத் தூண்கள் கட்டினோம். கொல்லைப் பக்கச் சுவருக்கு வெளியே ஒரு குழி வெட்டி, அதற்குள் அடுப்பு வாய் வைத்தோம். எதிர்ச் சுவரில் புகை போக்கி. அடுப்பு வாய் எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு நன்றாகப் புகை இழுக்கும் என்பதால், குழியை இன்னும் ஆழப்படுத்தச் சொன்னேன். இரண்டு படி இறங்கிப் போய்க் குந்தினால்தான் விறகு வைக்க முடியும். வரைபடம் போட்டேன், அளவு குறித்தேன். யார் அந்தக் குழியில் இறங்கிக் குந்தப் போகிறார்கள் என்று ஒரு கணமும் யோசிக்கவில்லை.

தூண்களுக்கு மேலே எதைப் பாவுவது என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வியாக இருந்தது. அதைத் தீர்க்க ஒரு சோதனை வைத்தேன். கொல்லையில் செங்கல் அடுக்கி நெருப்புப் போட்டு, மேலே ஓர் இரும்புத் தகடு. தகட்டின்மேல் வரிசையாக ஒரு தட்டோடு, ஒரு கடப்பைக் கல், சிவப்புச் சிமெண்ட் பூசிய ஒரு துண்டு, அரியலூர்ச் சுண்ணாம்புக் கல் ஒன்று, சாணி மெழுகிய மண்கட்டி ஒன்று. சிமெண்டுக்குக் கண்ட்ரோல் இருந்தது, பர்மிட் இல்லாமல் கிடைக்காது. எங்கேயோ மிச்சமாகக் கிடந்ததைக் கேட்டு வாங்கியிருந்தேன். அக்காவை ஒரு முக்காலியில் உட்கார வைத்து, ஒவ்வொன்றின் மேலும் காலை வைத்துச் சொல்லச் சொன்னேன். என் மனைவி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தாள்.

அக்கா கடப்பைக் கல்லில் காலை வைத்ததும் வெடுக்கென்று எடுத்தாள். "ஐயோ, தோசை வாக்கலாம்டா இதுல!"

"அண்ணி, அப்ப காலையில பலகாரத்துக்கு உங்க ரூமுக்கே வந்துடறேன்" என்றாள் என் மனைவி.

"வா வா. ஓம் புருசனுக்கும் சேத்து ஊத்தித் தரேன். மாவு மட்டும் கொண்டா."

தட்டோடு சூடேறவே வெகுநேரம் ஆயிற்று. மண்கட்டி வெடித்தது. சிமெண்ட் துண்டில் சூடு திட்டுத் திட்டாக இருந்தது. அரியலூர்க் கல்லில் அக்கா காலை வைத்தபடியே இருந்தாள். சீராக, வேகமாகச் சூடேறியிருந்தது. அந்தக் கல்லில் சின்னச் சின்னச் சிப்பி வடிவங்கள் பதிந்திருக்கும். அக்கா குனிந்து அவற்றைத் தடவினாள்.

"கடலே இல்லாத ஊருல சிப்பி எங்கேர்ந்துடா வந்துச்சு?"

ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்தது என்று விளக்கினேன். ஆச்சரியமாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "சரி, எல்லாந்தான் சுடுது. இதுல மெத்துனு இருக்கறது எது?" என்று கேட்டாள்.

நான் சிரித்தேன். "கல்லுல ஏதுக்கா மெத்துனு?"

"அதானே" என்றாள் அவளும் சிரித்து. "இத்தனை பாடு படறதுக்கு ஒரு கயித்துக்கட்டில வாங்கிப் போட்டுட்டா முடிஞ்சுது, என்ன?"

வேடிக்கையாகத்தான் சொன்னாள். என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். நான் நெருப்பைக் கிளறிவிட்டேன்.

அரியலூரிலிருந்து வண்டியில் கல் வந்தது. நன்றாகத் தேய்த்து, சுண்ணாம்புச் சாந்தில் இடுக்கு இல்லாமல் பாவினோம். அடுத்த மார்கழி தொடங்கியபோது தரை காய்ந்து தயாராக இருந்தது. முதல் நாள் சாயங்காலம் நான் குழிக்கு மேலே நின்று வேலையாளைத் தீ மூட்டச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் கல் வெதுவெதுப்பானது. அக்கா பாயை விரித்துப் படுத்தாள். "அடுப்பு மேல வச்ச அப்பளம் மாதிரி இருக்கேன்டா" என்றாள். அன்று நன்றாகத் தூங்கினாள். மறுநாள் காலையில் சுவரைப் பிடிக்காமல் எழுந்தாள். எழுந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். அதனால்தான் எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

நாலைந்து நாள் கழித்து அவள் கேட்டாள். குளித்துவிட்டு வந்து தலையைத் துவட்டிக்கொண்டே, பெரிய விஷயம் இல்லை என்பது போலக் கேட்டாள்.

"தம்பி, கல்லு சூடாத்தான் இருக்கு. ஆனா இடுப்பு எலும்பு குத்துது. பாயிக்கு மேல மெல்லிசா ஒரு மெத்தை போட்டுக்கலாமா? கட்டில் இல்லடா. கீழதான். வெளியில யாருக்குத் தெரியப் போவுது?"

நான் சொன்ன பதில் இப்போதும் காதில் இருக்கிறது. "பஞ்சு போட்டா சூடு மேல வராதுக்கா. பஞ்சு சூட்டைத் தடுத்துடும். கோரைப்பாய்தான் சரி. அதுகூட மெல்லிசா இருக்கணும்."

அவளுக்கு விளங்கும்படி ஒரு மெத்தையைக் கல்மேல் போட்டு, கையை வைத்துப் பார்க்கச் சொன்னேன். உண்மையிலேயே சூடு வரவில்லை. "ஆமா, நீ சொல்றது சரிதான்" என்று மெத்தையை அவளே மடித்து வைத்தாள். நான் சொன்னதில் பொய் இல்லை. பொய் சொல்லியிருந்தால் பிற்பாடாவது எனக்கு வெட்கம் வந்திருக்கும். உண்மையான ஒரு காரணம் கிடைத்துவிட்டதால், யாரோ பார்த்துவிடுவார்களே என்ற என் பயத்தை நானே பார்க்காமல் இருக்க முடிந்தது.

அந்தத் தரை ஊரில் பேச்சானது. ஆபீஸிலிருந்து வந்து பார்த்தார்கள். மேலதிகாரி ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்து, "பிரமாதம்" என்றார். யாராவது வந்தால் அக்கா பாயைச் சுருட்டிக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவாள். நான் நின்று விளக்குவேன்.

தை மாதத்தில் பெரியப்பா வந்தார். பெண்ணின் கல்யாணம் நல்லபடியாக முடிந்துவிட்ட நிம்மதியில் இருந்தார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

"கெட்டிக்காரன்டா நீ. எதுக்கு இது?"

"அக்காவுக்கு. டாக்டர் தரைக்குளிர் ஆகாதுன்னுட்டார்."

"அப்ப ஒரு கட்டில வாங்கிப் போடறதுதானே?"

நான் அவரையே பார்த்தேன்.

"என்னடா முழிக்கிற? நோவுக்கு மருந்துன்னு வந்துட்டா கட்டில் என்ன, தொட்டில் என்ன? நான் என்ன வேணாம்னா சொல்லப் போறேன்? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

அப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பது குழந்தைக்கும் தெரியும். அன்று சாயங்காலமே தச்சனிடம் ஆள் அனுப்பியிருக்க வேண்டும். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"கட்டில் போட்டா தரைச் சூடு அவளுக்கு எட்டாது பெரியப்பா. நடுவுல காத்து இருக்கும் பாருங்க."

"மெத்தையில படுத்தா அப்புறம் சூடு எதுக்குடா?"

அவருக்கு விஷயம் புரியவில்லை என்பது போலச் சிரித்தேன். கட்டில் வந்துவிட்டால் என் தரை வெறும் தரையாகிவிடும். அந்த நிமிஷத்தில் எனக்கு அதுதான் தெரிந்தது. அக்கா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். உள்ளே இருந்தே சொன்னாள்: "இதுவே போதும் பெரியப்பா. தம்பி ஆசையா போட்டுக் கொடுத்தது."

எனக்கு வேண்டிய பதிலை அவள் எனக்காகச் சொல்லிவிட்டாள். நான் அதை எடுத்துக்கொண்டேன்.

அடுத்த மார்கழியில் எனக்குக் கேம்ப் அதிகம். வாரக்கணக்கில் ரோட்டோரக் கொட்டகையில் தங்க வேண்டியிருந்தது. ஒரு தடவை வேலை சீக்கிரம் முடிந்து, ஒரு கட்டை வண்டியில் ஏறி, விடியற்காலையில் வீட்டுக்கு வந்தேன். முன்கதவைத் தட்டிக் குழந்தையை எழுப்ப வேண்டாம் என்று கொல்லைப் பக்கமாகச் சுற்றிப் போனேன்.

குழியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. உள்ளே யாரோ குந்தியிருந்தார்கள். தலையில் முக்காடு, அதன்மேல் பனி. அது அக்கா. அடுப்பு வாய்க்குள் முகத்தைக் கொடுத்து ஊதிக்கொண்டிருந்தாள். பிறகு எழப் பார்த்தாள். முடியவில்லை. மேற்படியில் இரண்டு கைகளையும் ஊன்றி, முட்டியைக் கல்லில் வைத்து, தவழ்ந்து ஏறினாள். நிமிர்ந்தபோதுதான் என்னைப் பார்த்தாள்.

"வந்துட்டியா? இரு, காப்பி போடறேன்."

"நீ ஏன்க்கா இங்க? வேலைக்காரி எங்க?"

"அவ பொழுது சாஞ்சா தன் வூட்டுக்குப் போயிடுவா. சாயங்காலமும் நான்தான் வக்கிறேன். விடிகாலையில கல்லு ஆறிப்போச்சுன்னா படுக்க முடியலடா. மண்ணுத் தரையே தேவலைங்கிற மாதிரி சில்லுனு இழுக்குது. அதான் எழுந்து வந்து ரெண்டு கட்டை தள்ளிட்டுப் போய்ப் படுத்துக்குவேன்."

"அவகிட்டச் சொல்லக் கூடாதா?" என்று என் மனைவியை நினைத்துக் கேட்டேன்.

"கைப்புள்ளக்காரிய இந்தப் பனியில எறக்கவா? நல்லா இருக்கே! என் காலுக்கு நான் வக்கிறேன். இதுல என்ன?"

கல் வேகமாகச் சூடேறும் என்றுதான் அதைத் தேர்ந்தெடுத்தேன். ஆறிய பிறகு அதே கல் அதே வேகத்தில் உடம்பின் சூட்டை எடுத்துக்கொள்ளும். அதுவும் நான் படித்த பாடம்தான். பாடத்தின் முதல் பாதியை மட்டும் என் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். குந்தி உட்கார விடாதீர்கள் என்று டாக்டர் சொன்னதும் அந்தக் கணத்தில் நினைவுக்கு வந்தது. அது எல்லாம் வந்த பிறகும், அக்காவின் முகத்தில் இருந்த சாம்பலைப் பார்த்துக்கொண்டே நான் சொன்னது இதுதான்:

"கொஞ்சம் காஞ்ச கட்டையா பாத்து வைக்கா. ஈரக் கட்டைன்னா புகை அடைச்சுக்கும்."

"சரிடா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஆள் வைக்கலாம் என்று நினைத்தேன். அடுப்பு வாயை உயர்த்திக் கட்டலாம் என்று நினைத்து ஒரு படம்கூடப் போட்டேன். கேம்ப் வந்தது, போனேன். அந்த மார்கழியும் தையும் அப்படியே கழிந்தன. அதற்கடுத்த மார்கழியும் கழிந்தது. மூன்று பனிக்காலம், தினம் இரண்டு வேளை, அக்கா அந்தக் குழியில் இறங்கிக் குந்தி, தன் முழங்காலைக் காப்பாற்றுவதற்காக நான் கட்டிய தரைக்கு விறகு வைத்தாள்.

பங்குனியில் ஒரு நாள் அவளால் காலை நீட்ட முடியவில்லை. டாக்டரை வீட்டுக்கே அழைத்து வந்தேன். முழங்காலைப் பிடித்து மெதுவாக அழுத்தினார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள். கால் அசையவில்லை. டாக்டர் அறையைச் சுற்றிப் பார்த்தார். தரையைப் பார்த்தார், பாயைப் பார்த்தார்.

"கட்டில் எங்க சார்?"

நான் தரையைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. பாதியில் நிறுத்திவிட்டேன். டாக்டர் திட்டவில்லை. தைலச் சீசாவை வைத்துவிட்டுக் கையைக் கழுவப் போனார்.

மறுநாளே கட்டில் வந்தது. வேப்பமரக் கட்டில், புது இலவம்பஞ்சு மெத்தை, இரண்டு தலையணை. தெருவில் வண்டியிலிருந்து இறக்கும்போது எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் அத்தனை வருஷம் பயந்த ஊர் அவ்வளவுதான். கட்டிலைத் தூக்கிவந்து, சிப்பி பதிந்த அந்தக் கல்மேல் நிறுத்தினோம்.

நானும் மனைவியும் அக்காவைத் தூக்கிப் படுக்க வைத்தோம். மல்லாந்து படுக்க முடியவில்லை. ஒருக்களித்து, முழங்கால் மடங்கியபடி, சின்னப் பெண் தூங்குவது போலத்தான் படுக்க முடிந்தது. நீளமாகப் பார்த்து வாங்கிய கட்டிலில் பாதி இடம் காலியாகக் கிடந்தது. மெத்தையைக் கையால் அமுக்கி அமுக்கிப் பார்த்தாள்.

"டாக்டரு அன்னிக்கே சொன்னாரு இல்ல?" என்று மனைவி என்னிடம் கேட்டாள். என்னோடு அவள் அதைப் பற்றிப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

"சொகமா இருக்குடி" என்றாள் அக்கா அவளிடம். "எனக்கு மேகத்துல படுத்த மாதிரி இருக்கு. ஒண்ணும் சொல்லாத அவனை."

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பங்குனியானாலும் அன்றைக்கு லேசாக மழை பெய்து குளிர்ந்திருந்தது. அக்காவால் முடியாததால் வேலைக்காரி குழியில் தீ மூட்டிவிட்டுப் போயிருந்தாள் போலிருக்கிறது. அறையில் புகை வாசனை வந்தது. அக்கா முகத்தைத் தூக்கி மோந்தாள்.

"தம்பி, அந்த அடுப்ப அணைச்சுடு. இனிமே எதுக்கு? யாரும் போய்க் குந்த வேண்டாம்."

ஒரு குடம் தண்ணீரை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். இரண்டு படி இறங்கினேன். நின்றபடியே ஊற்றலாம் என்று பார்த்தேன், அடுப்பு வாய் அதற்கு மிகவும் தாழ்வாக இருந்தது. குந்தினேன். நான் வரைந்து, நான் அளவு கொடுத்து, நான் இன்னும் ஆழமாக வெட்டச் சொன்ன அந்தக் குழியில் நான் குந்தியது அதுதான் முதல் தடவை. புகை கண்ணில் அடித்தது. சுவர் இரண்டு பக்கமும் நெருக்கியது. தண்ணீரை ஊற்றி முடித்து எழும்போது, பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. மேற்படியில் கையை ஊன்றித்தான் எழ முடிந்தது. கல் விளிம்பு அந்த இடத்தில் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது.